கிளாசிக் 350 ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை: பல்பு மாற்றவா, ஆக்ஸ் லைட் போடவா?

அஞ்செட்டி_ரைடர்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2016 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, பழைய யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது), கம்பெனியிலிருந்து வந்த 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55) எச்4 பல்பு. ஓசூர் சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து ராத்திரி தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிப் பக்கம் வீட்டுக்கு வருகிறேன். தேன்கனிக்கோட்டை தாண்டினால் தெருவிளக்கு கிடையாது, காட்டு ரோடு, வளைவுக்கு மேல் வளைவு, ராகி விளையும் மாதங்களில் யானைகள் ரோட்டைக் கடக்கும். கறுப்பு ரோட்டில் கறுப்பாக நிற்கும் யானை தூரத்திலேயே தெரிந்தாக வேண்டும், பக்கத்தில் போய்த்தான் தெரிகிறது என்றால் அப்புறம் செய்வதற்கு எதுவும் இல்லை.

இப்போதைய நிலைமை: டிம்மில் மஞ்சளாக ஒரு வட்டம் முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் தள்ளி விழுகிறது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. பிரைட் போட்டால் மரத்து உச்சி தெரிகிறது, ரோடு தெரியவில்லை. ஐடிலிங்கில் இன்னும் மங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்து லேசாகத் துடிக்கிறது.

மெக்கானிக் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார். ஆக்சஸரீஸ் கடையில் வெள்ளை எல்இடி பல்பு மாற்றினால் பகல் மாதிரி இருக்கும் என்கிறார்கள். கூட வேலை செய்யும் நண்பர் எதையும் தொடாமல் கிராஷ் கார்டில் இரண்டு ஆக்ஸ் லைட் (ஹெட்லைட்டோடு சேர்த்துத் தனியாக மாட்டும் கூடுதல் விளக்கு) போடு என்கிறார். மூவாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம். வாரன்ட்டி எல்லாம் முடிந்து பல காலம் ஆகிவிட்டது, அந்தக் கவலை இல்லை. எதை முதலில் செய்வது?

சேலம்_வோல்ட்மீட்டர்

எதையும் வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு மல்டிமீட்டர் வாங்கி அளந்து பாருங்கள். இண்டிகேட்டரோடு ஹெட்லைட்டும் துடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. உங்கள் பல்புக்கு வோல்டேஜ் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

பேட்டரியிலிருந்து கிளம்பும் கரன்ட் ஃப்யூஸ், இக்னிஷன் சாவி, ஹேண்டில்பார் சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச், நடுவில் நாலைந்து கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகு) எல்லாம் தாண்டித்தான் பல்புக்கு வருகிறது. அந்த வழியில் ஓடுவது மெல்லிய வயர். 55 வாட் என்றால் நாலரை ஆம்பியருக்குப் பக்கம். 0.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில் அந்தக் கரன்ட் மூன்று மீட்டர் ஓடினாலே கிட்டத்தட்ட அரை வோல்ட் வயரிலேயே போய்விடும். பத்து வருஷப் பழைய சுவிட்சின் கறுத்த கான்டாக்ட், பச்சை பிடித்த கப்ளர் பின் எல்லாம் தின்பது அதற்கு மேல்.

ஒரு வோல்ட், ரெண்டு வோல்ட் குறைந்தால் என்ன என்று தோன்றும். ஹாலஜன் பல்பில் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, வோல்டேஜின் சுமார் 3.4ஆவது அடுக்கு (பவர்) கணக்கில் வேகமாகச் சரிகிறது. எச்4 பல்பின் வெளிச்சத்தை 13.2 வோல்ட்டில்தான் கணக்கிடுகிறார்கள், அதில் டிம் 1000 லூமன், பிரைட் 1650 லூமன். அதே பல்புக்கு 12 வோல்ட் மட்டும் கிடைத்தால் டிம் 720 லூமனுக்கு இறங்கிவிடும், 11.5 என்றால் 620 சொச்சம். நிறமும் மஞ்சளாகும். நீங்கள் சொல்லும் அறிகுறி எல்லாம் இதுதான்.

அளப்பது இப்படி. ஹெட்லைட் ரிம் ஸ்க்ரூவைக் கழற்றினால் ரிஃப்ளெக்டர் முன்னால் வந்துவிடும். பின்னால் கப்ளரில் மூன்று வயர்: டிம், பிரைட், எர்த். கப்ளரைப் பிடுங்காதீர்கள், பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கப்ளரின் பின்பக்கம் வயர் நுழையும் இடுக்கு வழியாக மீட்டர் முனையை உள்ளே தள்ளி டிம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் லோடு இருக்காது, அழுகின வயர்கூட நல்ல வோல்டேஜ் காட்டும். இன்ஜின் ஓட வேண்டும், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே நிலையில் பேட்டரி முனைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இன்னும் ரெண்டு அளவு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்பின் டிம் பின் வரை எவ்வளவு விழுகிறது, பல்பின் எர்த் பின்னிலிருந்து பேட்டரி மைனஸ் வரை எவ்வளவு விழுகிறது. வியாதி எந்தப் பக்கம் என்று இதில் தெரிந்துவிடும். நிறைய பேர் பிளஸ் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எர்த்தை மறந்துவிடுகிறார்கள்.

100/90 பல்பு வேண்டவே வேண்டாம். 55 வாட்டையே ஒழுங்காகக் கொண்டுவர முடியாத வயரில் 90 வாட் கேட்டால் வோல்டேஜ் இன்னும் விழும், ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் பூச்சு நாளடைவில் கருகும். ரோட்டில் அந்த வாட்டேஜுக்கு அனுமதியும் கிடையாது.

கோவை_நைட்ரைடர்

நான் எல்இடி பல்புதான் போட்டிருக்கிறேன் ப்ரோ, சூப்பராக இருக்கிறது. பழைய பல்பை எடுத்து அதே இடத்தில் மாட்டினேன், அரை மணி நேர வேலை, வயர் எதையும் வெட்டவில்லை. நல்ல வெள்ளை வெளிச்சம். கரன்டும் கம்மி. இவ்வளவு அளவெடுப்பதற்குப் பதில் இதை முயற்சி செய்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் பழைய பல்பையே திருப்பி மாட்டிக்கொள்ளலாமே.

நாமக்கல்_பத்துவீல்

நான் லாரி ஓட்டுகிறவன், கிருஷ்ணகிரி–ஓசூர் ரோட்டில் வாரத்தில் பாதி ராத்திரி இருப்பேன். எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

இந்த எல்இடி பல்பு மாட்டின பைக் டிம்மில் வந்தாலும் எங்களுக்கு பிரைட்தான். வெளிச்சம் கண்ணாடி முழுக்கச் சிதறி, ரோட்டு ஓரம், நடந்து போகிற ஆள், விளக்கே இல்லாமல் நிற்கிற டிராக்டர் டிரெய்லர் எதுவும் தெரியாது. பைக் கடந்து போன பிறகும் ரெண்டு மூணு செகண்ட் கண்ணுக்கு முன்னால் பச்சையும் ஊதாவுமாக நிற்கும். அறுபதில் போகிற வண்டி ஒரு செகண்டுக்கு பதினாறு, பதினேழு மீட்டர் போகிறது. அந்த மூணு செகண்டில் ஐம்பது மீட்டர் குருட்டாகப் போகிறோம், பின்னால் பதினைந்து டன் லோடு இருக்கிறது. கோவைத் தம்பி மேல் கோபம் இல்லை, அவருக்கு அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஒரு தடவை நண்பரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் ஐம்பது மீட்டர் தள்ளி எதிரில் நின்று பாருங்கள் தம்பி, அது போதும்.

ஆக்ஸ் லைட் போடுகிறவர்களுக்கும் இதேதான். எதிரில் வண்டி வந்தால் அணைந்துவிடுகிற மாதிரி போடுங்கள். அணைக்க மறந்துவிட்டேன் என்று சொல்கிற நிலைமையே இல்லாமல் வயரிங்கிலேயே அதைச் செய்துவிடுங்கள்.

சேலம்_வோல்ட்மீட்டர்

நாமக்கல் அண்ணன் சொல்வது நடைமுறை, அது ஏன் அப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எச்4 பல்பை வெளியே எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் ரெண்டு ஃபிலமென்ட் இருக்கும். முன்னால் இருக்கிற டிம் ஃபிலமென்ட்டுக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். டிம்மில் வெளிச்சம் கீழ்ப்பாதி ரிஃப்ளெக்டருக்குப் போகாமல் மறைப்பது அந்தத் தகடுதான். மேல்பாதியில் மட்டும் பட்டு ரோட்டைப் பார்த்துக் கீழே இறங்குகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுக்க அந்த மெல்லிய கம்பி எந்த இடத்தில் இருக்கிறதோ அதை வைத்துச் செதுக்கியது. ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே வெளிச்சம் போகிற திசை மாறும். எல்இடி பல்பில் கம்பிக்குப் பதில் ஒரு தட்டையின் ரெண்டு பக்கமும் சிப்பு ஒட்டியிருக்கிறது, தட்டைக்கு ஒரு தடிமன் இருக்கிறது, வெளிச்சம் கிளம்பும் இடமே வேறு. அதனால்தான் கொஞ்சம் மேலே தெறிக்கிறது, கொஞ்சம் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குவிகிறது.

பக்கத்தில் குவிவதும் நமக்குக் கெடுதல். முன்னால் பத்து மீட்டர் பளீரென்று இருந்தால் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும், தூரத்தில் இருக்கிற இருட்டு இன்னும் இருட்டாகும். ஓட்டுகிறவருக்கு வெளிச்சம் கூடின உணர்வு இருக்கும், பார்வை தூரம் கூடியிருக்காது. யானை ரோட்டில் வேண்டியது தூரம்தான்.

எல்இடிக்கென்றே ரிஃப்ளெக்டரோ லென்ஸோ வடிவமைத்து முழு யூனிட்டாக வருகிற ஹெட்லைட் வேறு விஷயம், அதில் நல்லவை இருக்கின்றன. ஹாலஜன் யூனிட்டுக்குள் எல்இடி பல்பைத் திணிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அஞ்செட்டி_ரைடர்

எல்லாருக்கும் நன்றி. லீவு நாளில் அளந்துவிட்டேன். ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் பிடித்த நிலையில் பேட்டரியில் 14.1 வோல்ட். பல்பு கப்ளரில் 12.0 மட்டும்தான். பிளஸ் பக்கம் 1.5 விழுகிறது, எர்த் பக்கம் 0.6 விழுகிறது. ஹெட்லைட் டூமுக்குள் ஒரு எர்த் கப்ளர் பச்சையாகப் பூத்திருக்கிறது. அதனால் பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராகத் தனி வயரில் கரன்ட் கொண்டுவரும் ரிலே கிட் (ரிலே என்பது சின்னக் கரன்டில் இயங்கி பெரிய கரன்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட முடிவு செய்துவிட்டேன், ஆனால் அதோடு ஆக்ஸ் லைட்டும் ஒரேயடியாகப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். வயரிங் எப்படிக் கொண்டுபோவது, ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர், சுவிட்ச் எங்கே, யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா?

தர்மபுரி_எலக்ட்ரிக்கல்

தம்பி, ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன், இந்த வேலை தினமும் செய்வதுதான். ரெண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள். முதலில் ஹெட்லைட் ரிலே, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் ஆக்ஸ். பாதிப் பேருக்கு ரிலே போட்ட பிறகு ஆக்ஸே தேவைப்படுவதில்லை.

ஹெட்லைட்டுக்கு எச்4 ரிலே ஹார்னஸ் ரெடிமேடாகவே கிடைக்கிறது. ஒரு பக்கம் ஆண் கப்ளர், அதை வண்டியின் பழைய பல்பு கப்ளரில் சொருகிவிடலாம். இன்னொரு பக்கம் பீங்கான் ஹோல்டர், அது பல்புக்கு. டிம்முக்கு ஒன்று பிரைட்டுக்கு ஒன்று என்று ரெண்டு ரிலே. இனிமேல் ஹேண்டில் சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்புகிற வேலையை மட்டும் செய்யும், பல்புக்கான கரன்ட் பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயரில் வரும். வண்டி வயரை வெட்டத் தேவையில்லை. வாங்கும்போது வயரை விரலால் நசுக்கிப் பாருங்கள், சில மலிவு கிட்டில் வெளியே ரப்பர் தடிமனாக இருக்கும், உள்ளே செம்பு நாலு இழை இருக்கும். கொஞ்சம் உரித்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் காட்டுவார். ரிலே மட்டும் மிண்டா, ரூட்ஸ், பாஷ் மாதிரி தெரிந்த பெயராக வாங்கிக்கொள்ளுங்கள்.

எர்த் வயரையும் பேட்டரி மைனஸ் வரைக்கும் இழுங்கள். உங்களுக்கு 0.6 அங்கேதான் போகிறது. அந்தப் பச்சைக் கப்ளரைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுவதையும் விடாதீர்கள், இண்டிகேட்டர் துடிப்பு அதில்தான் வருகிறது என்று நினைக்கிறேன், ரெண்டும் ஒரே எர்த்தில் தொங்கும்.

இது முடிந்தால் பல்பில் 13.6 வந்துவிடும். அதே பல்பு, செலவு ஆயிரத்துக்குள். முழு வோல்டேஜ் வந்தால் பல்பு ஆயுசு முன்னைவிடக் குறையும், அதனால் ஒரு ஸ்பேர் பல்பை டூல் பாக்ஸில் துணி சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி கண்ணாடி கெட்டுவிடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

இப்போது ஆக்ஸ். ரிலேயில் நாலு கால், கீழே நம்பர் அடித்திருக்கும். 30க்கு பேட்டரி பிளஸ், ஃப்யூஸ் வழியாக. 87லிருந்து லைட்டுக்கு. 85 எர்த். 86தான் தட்டி எழுப்புகிற வயர், அதை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைகளில் பேட்டரியிலிருந்தே ஒரு சுவிட்ச் போட்டு 86க்குக் கொடுத்துவிடுவார்கள். சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போன பிறகும் லைட் எரியும், குழந்தைகள் தட்டிவிட்டுப் போனால் காலையில் பேட்டரி செத்திருக்கும். நீங்கள் ஹெட்லைட் பிரைட் வயரிலிருந்து எடுத்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, 86க்குக் கொடுங்கள். பிரைட் போட்டால் மட்டும் ஆக்ஸ் எரியும், எதிரில் வண்டி வந்து டிம் அடித்தால் ஆக்ஸும் தானாக அணையும். நாமக்கல் டிரைவர் கேட்டது இதுதான். ஊருக்குள் வேண்டாம் என்றால் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டால் பிரைட் மட்டும் தனியாக எரியும்.

பனிமூட்டத்துக்கு மஞ்சள் ஃபாக் லைட் போடுகிறவர்களுக்கு இந்தக் கனெக்‌ஷன் சரிப்படாது, அதற்கு டிம்மோடு எரிய வேண்டும். உங்கள் வண்டியில் ஹெட்லைட்டுக்கு மேலே ரெண்டு சின்ன பைலட் லேம்பு இருக்கிறதே, அதற்குப் போகிற வயரிலிருந்து 86 எடுத்துக்கொள்ளலாம், சாவி போட்டால்தான் கரன்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்பு வைத்துப் பார்த்துவிட்டு.

ஃப்யூஸ் கணக்கு சுலபம். இருபது வாட் லைட் ரெண்டு என்றால் நாற்பது வாட், பன்னிரண்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், அடிக்கடி போனால் 7.5. வயர் 1.5 ஸ்கொயர் எம்.எம். ஃப்யூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கிற வயர் எங்காவது பாடியில் உரசினால் அதைக் காப்பாற்ற ஒன்றுமே கிடையாது, அந்த வயர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகிறது. 30 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுவிட்டு ஃப்யூஸே போகவில்லை என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

டேங்கைத் தூக்கி நடு ஃபிரேம் குழாய் ஓரமாகவே வயரைக் கொண்டுவாருங்கள். ஸ்டியரிங் ஹெட் பக்கத்தில் ஒரு வளையம் தளர்வாக விட்டு, ஹேண்டிலை இந்தக் கடைசி வரைக்கும் அந்தக் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்கள். எந்த இடத்திலும் வயர் இழுபடவும் கூடாது, லாக் ஸ்டாப்பருக்கு நடுவில் நசுங்கவும் கூடாது. என் கடைக்கு லைட் விட்டு விட்டு எரிகிறது என்று வருகிற வண்டிகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் அறுந்திருக்கும், வெளியே ரப்பர் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு துண்டாகியிருக்கும். கிராஷ் கார்டுக்கு இறங்கும்போது சைலன்சர் பெண்டு பைப்பிலிருந்து தள்ளிக் கொண்டுவாருங்கள். ஜாயின்ட் எல்லாம் கிரிம்ப் டெர்மினல் போட்டு ஹீட் ஷ்ரிங்க் ஏற்றுங்கள். முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம், இன்ஜின் சூட்டில் டேப் பசை இளகி வழிந்துவிடும். லைட் எர்த்தையும் கிராஷ் கார்டில் கொடுக்காதீர்கள், பெயின்டும் துருவும் இருக்கிற இடத்தில் எர்த் நிலைக்காது.

கோவை_நைட்ரைடர்

நாமக்கல் அண்ணா, சொன்ன மாதிரி எதிரில் நின்று பார்த்தேன். டிம்மில்தான் வைத்திருந்தார் நண்பர், நேராகப் பார்க்க முடியவில்லை. பழைய பல்பையே மாட்டிவிடுகிறேன், ரிலே கிட்டும் ஆர்டர் போட்டாகிவிட்டது. தர்மபுரி அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம், ஆன்லைனில் 300 வாட் ஆக்ஸ் லைட் என்று போட்டிருக்கிறார்களே, அதற்கும் 7.5 ஃப்யூஸ் போதுமா?

தர்மபுரி_எலக்ட்ரிக்கல்

நல்ல காரியம் தம்பி. 300 வாட் என்றால் 25 ஆம்பியர், அந்தச் சின்ன டப்பாவில் அவ்வளவு சூடு வந்தால் அது லைட்டாக இருக்காது. பெட்டி மேல் அச்சடிப்பது வெறும் எண். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, பேட்டரிக்கும் லைட்டுக்கும் நடுவில் சீரிஸாகக் கொடுத்துப் பாருங்கள் (மீட்டரை மட்டும் பேட்டரியின் ரெண்டு முனையிலும் வைத்துவிடாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும்), பெரும்பாலும் ஒண்ணரை, ரெண்டு ஆம்பியர்தான் காட்டும். அளந்த ஆம்பியரை வைத்துத்தான் ஃப்யூஸ். எச்ஜேஜி என்கிற ஆக்ஸ் லைட் பிராண்டின் பெயரிலேயே போலி நிறைய ஓடுகிறது, அதனால் வாங்கின கடையில் பில் கேட்டு வாங்குங்கள்.

கொல்லிமலை_70

ஆக்ஸ் லைட் எந்த வகை என்று யாரும் சொல்லவில்லையே. அதில்தான் காசு வீணாகும்.

ஸ்பாட் பீம் ஒன்று, அகலமாகப் பரவுகிற ஃபாக் பீம் ஒன்று. ஸ்பாட் குறுகலாகத் தூரம் போகும், நேர் ரோட்டுக்கு, பிரைட்டோடு சேர்ந்து எரிய. ஃபாக் பீம் தூரம் போகாது, பக்கவாட்டில் விரியும், மேல் விளிம்பு வெட்டின மாதிரி நிற்கும். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு, அங்கே ராத்திரி ஏறினால் இதன் வித்தியாசம் தெரியும். வளைவில் பைக் சாயும்போது ஹெட்லைட் வெளிச்சமும் சாய்கிறது, வளைவுக்கு உள்பக்கம் வெளிச்சம் சுருங்கி இருட்டாகிவிடும், நாம் போகப் போகிற இடம் அதுதான். ஸ்பாட் லைட் அந்த நேரத்தில் எதிர்ப் பள்ளத்தாக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். அகல பீம்தான் உள் ஓரத்தைக் காட்டும். அஞ்செட்டி ரோட்டில் வளைவு, நேர் ரெண்டும் இருக்கிறது, எனக்காக இருந்தால் அகல பீம் ஒரு ஜோடி, கிராஷ் கார்டில் தாழ்வாக. அதன் மேல் விளிம்பு கட்டாயம் தரைப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

ஹெட்லைட்டையும் அலைன் பண்ணுங்கள், பிரைட் மரத்து உச்சியில் படுகிறது என்றால் அது மேலே தூக்கியிருக்கிறது. காற்று அளவு பார்த்துவிட்டு, வழக்கமாக எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை பேர் உட்கார்ந்து, சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி சமதரையில் நிறுத்துங்கள். ஹெட்லைட் நடு மையத்தின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கும், அடிக்கடி டபுள்ஸ் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். இது காசே இல்லாத வேலை, பாதி வண்டிகளில் யாரும் செய்வதில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் விதி 106 சொல்வது: முன் விளக்கின் வெளிச்சம் நிரந்தரமாகக் கீழ்நோக்கித் திருப்பியிருக்க வேண்டும், இல்லை என்றால் ஓட்டுகிறவர் நினைத்தபோது அப்படி இறக்க முடிய வேண்டும்; இறக்கின வெளிச்சம் எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கிறவருக்குக் கூசக் கூடாது. ஆக்ஸை மாட்டின பிறகு எட்டு மீட்டர் தள்ளி நின்று நீங்களே பார்த்துவிடலாம். முன்பக்கம் சிவப்பு, நீல லைட் வேண்டவே வேண்டாம்.

யானை விஷயம் ஒன்று. ஆக்ஸ் போட்டிருப்பதால் தூரத்திலேயே தெரியும், தெரிந்ததும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிம் அடித்து ஆக்ஸை அணைத்துவிடுங்கள், அதன் கண்ணில் அடிக்காதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள். கூட்டத்தில் குட்டி இருந்தால் கடைசி யானை கடந்த பிறகும் கொஞ்ச நேரம் பொறுங்கள். அறுபதில் போனால் பார்த்து பிரேக் பிடித்து நிற்க ஐம்பது மீட்டராவது ஆகும், டிம் வெளிச்சம் நன்றாக இருந்தாலும் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். அந்த ரோட்டில் நாற்பதுக்கு மேல் வேண்டாம், எந்த லைட் போட்டிருந்தாலும்.

ஸ்ப்ளெண்டர்_ஆத்தூர்

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஸ்ப்ளெண்டர், 35/35 பல்பு. இதிலேயே எச்4 60/55 போட்டு ரிலே வைக்கலாமா? பல்பின் வளையத்தில் காதை ராவினால் உட்காரும் என்று ஒருவர் சொன்னார்.

தர்மபுரி_எலக்ட்ரிக்கல்

ராவி உட்கார வைக்க முடியும், ஆனால் வேண்டாம் தம்பி. உங்களுடையது எச்எஸ்1 பல்பு, காதை வேறு மாதிரி வைத்திருப்பதே இதைத் தடுக்கத்தான். 35 வாட்டுக்குக் கணக்குப் போட்ட சார்ஜிங் காயிலில் (இன்ஜின் ஓடும்போது கரன்ட் தயாரிக்கும் கம்பிச்சுருள்) 60 வாட் எடுத்தால் பேட்டரிக்குச் சார்ஜ் மிஞ்சாது. ரொம்பப் பழைய மாடலில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடாமல் காயிலிருந்து நேராக ஏசியில் ஓடும், ஆக்ஸிலேட்டர் விட்டால் மங்கும், முறுக்கினால் ஏறும். அப்படி இருந்தால் ரிலே கிட் அப்படியே வேலை செய்யாது. உங்களுடையது எந்த வருஷ மாடல்?

ஸ்ப்ளெண்டர்_ஆத்தூர்

2018 அண்ணா. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணினாலே ஹெட்லைட் எரியும், ஆஃப் சுவிட்ச் கிடையாது.

தர்மபுரி_எலக்ட்ரிக்கல்

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த எல்லா டூவீலரும் அப்படித்தான், ஹெட்லைட் தானாக எரிந்தே ஆக வேண்டும். அதனால் சுவிட்ச் இல்லாததை வைத்து ஏசியா டிசியா என்று முடிவு பண்ண முடியாது. பல்பு கப்ளரில் மீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள், பிறகு ஏசியில் வைத்துப் பாருங்கள். டிசியில் 13க்கு மேல் நிலையாக நின்றால் உங்களுக்கு ரிலே கூடத் தேவையில்லை, நல்ல கம்பெனி 35/35 பல்பு புதுசாகப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, கொல்லிமலைக்காரர் சொன்ன மாதிரி சுவரில் அலைன் பண்ணுங்கள். ரிஃப்ளெக்டர் மங்கிப் புள்ளி விழுந்திருந்தால் யூனிட்டை மாற்றுங்கள். அதற்கு மேல் வேண்டும் என்றால் பத்து வாட் எல்இடி ஆக்ஸ் ஒன்று போதும், ரிலேயும் 3 ஆம்பியர் ஃப்யூஸும் வைத்து.

அஞ்செட்டி_ரைடர்

ஹெட்லைட் ரிலே போட்டுவிட்டேன். இன்ஜின் ஓடும்போது பல்பில் 13.6 வருகிறது, தர்மபுரி அண்ணன் சொன்ன அதே எண். எர்த் கப்ளரைச் சுரண்டி மாட்டியதும் இண்டிகேட்டர் துடிப்பு நின்றுவிட்டது. சுவரில் வைத்துப் பார்த்தால் டிம் விளிம்பு கோட்டுக்கு மேலேயே இருந்தது, இறக்கிவிட்டேன். இப்போது டிம்மிலேயே ரோட்டு ஓர வெள்ளைக் கோடு அடுத்த வளைவு வரைக்கும் தெரிகிறது. ஆக்ஸ் அகல பீம் ஒரு ஜோடி சொல்லியிருக்கிறேன், பிரைட் வயரிலிருந்துதான் எடுக்கப் போகிறேன். கடைசியாக ஒன்று: எல்லா லைட்டும் போட்டு ஐடிலிங்கில் பேட்டரியில் எவ்வளவு இருக்க வேண்டும்?

சேலம்_வோல்ட்மீட்டர்

பிரைட், ஆக்ஸ், பிரேக் லைட் எல்லாம் எரியவிட்டு பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். ஐடிலிங்கில் 12.8க்குக் கீழே போனால் பேட்டரியிலிருந்து கரன்ட் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஓடும் வேகத்தில் 13.5க்கு மேல் ஏறினால் அது திரும்ப நிரம்பிவிடும். சிக்னலில், ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஆக்ஸை அணைத்தால் போதும். ஓடும்போதும் 13.5 தாண்டவில்லை என்றால் ஆக்ஸின் வாட்டேஜைக் குறைக்க வேண்டும், அல்லது ரெகுலேட்டரையும் சார்ஜிங் காயிலையும் யாரிடமாவது காட்ட வேண்டும். அளந்துவிட்டு எண்ணை இங்கே போடுங்கள்.